வேருக்குள் நூற்புழு: பயிரின் எதிர்ப்பும் நம் பொறுப்பும்

தக்காளி வயலின் ஒரு மூலையில் மட்டும் செடிகள் குட்டையாக நிற்கின்றன. மண்ணில் ஈரம் இருந்தும் உச்சி வெயிலில் துவண்டு, பொழுது சாய்ந்ததும் நிமிர்கின்றன. இலைகள் வெளுக்கின்றன. நுண்ணூட்டக் குறை என்று எண்ணி உழவர் கலவை தெளிக்கிறார். தண்ணீர் போதவில்லை என்று எண்ணி இன்னொரு தடவை பாய்ச்சுகிறார். பலன் கிட்டுவதில்லை. செடியைப் பிடுங்கி வேரை அலசிப் பார்த்தால்தான் காரணம் தெரியும்: வேர் முழுக்க முடிச்சுகள், அவற்றுக்குள் நூற்புழுக்கள்.

தாவரங்களை அண்டிப் பிழைக்கும் நூற்புழுக்களில் இதுவரை 4,100க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. உலகின் முதன்மைப் பயிர்களில் விளைச்சலின் 12.3 சதவீதத்தை இவை சராசரியாகப் பறித்துக்கொள்வதாக சாசர், ஃபிரெக்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1987இல் கணக்கிட்டனர். இந்தியாவின் ஆண்டு இழப்பு ஏறத்தாழ 10,200 கோடி ரூபாய் என்கிறது 2020இல் வெளியான ஒரு மதிப்பீடு. இத்தனை இழப்பும் பெரும்பாலும் வேறு பெயரில் கணக்கெழுதப்படுகிறது. வறட்சி, உரக்குறை, மண் களைப்பு, வாடல் நோய் என்று எதை எதையோ சொல்கிறோம்.

நூற்புழு தாக்கும்போது பயிர் என்ன செய்கிறது, அந்தத் தற்காப்பை நாம் எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வியை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. கடந்த முக்கால் நூற்றாண்டின் ஆய்வுகளையும் வயல் அனுபவங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு முடிவுக்கு வர முடிகிறது. பயிருக்குள் இருக்கும் எதிர்ப்புத் திறன்தான் நம்மிடமுள்ள மிக மலிவான, மிகத் தூய்மையான ஆயுதம். அதைத் தனியாகவும் இடைவிடாமலும் பயன்படுத்திய இடங்களிலெல்லாம் அது மழுங்கிப் போயிருக்கிறது.

கண்டறிந்த வரலாறு

1743இல் டர்பர்வில் நீடம் என்ற ஆங்கிலேயர், சுருங்கிக் கறுத்த கோதுமை மணியைப் பிளந்து நீரில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். உள்ளே இருந்த வெள்ளை இழைகள் உயிர்பெற்று நெளிந்தன. பயிரைத் தாக்கும் நூற்புழுவை மனிதர் கண்ட முதல் பதிவு அதுதான். 1855இல் பெர்க்லி என்ற பாதிரியார், இங்கிலாந்தின் கண்ணாடிக் குடிலில் வளர்ந்த வெள்ளரியின் வேர்முடிச்சுகளுக்கு இப்புழுக்களே காரணம் என்று எழுதினார். 1859இல் ஜெர்மனியில் ஷாக்ட், சர்க்கரைப் பீட்டின் வேரில் முட்டைக்கூட்டு நூற்புழுவைக் கண்டார். ஆண்டுதோறும் பீட் பயிரிட்டதால் நிலம் களைத்துவிட்டது என்று அதுவரை அங்குள்ளோர் நம்பியிருந்தனர்.

இந்தியாவில் இத்துறையின் தொடக்கம் தமிழக மண்ணில் நிகழ்ந்தது. நீலகிரி மாவட்டம் தேவாலாவில் தேயிலை வேரைத் தாக்கிய வேர்முடிச்சு நூற்புழுவை 1901இல் பார்பர் பதிவு செய்தார். பின்னாளில் கோவையில் கரும்பு இனப்பெருக்க ஆய்வைத் தொடங்கிவைத்த அதே பார்பர்தான் இவர். 1906இல் கேரள மிளகுக்கொடியில் இப்புழு இருப்பதை பட்லர் தெரிவித்தார். 1961இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஜோன்ஸ், உதகமண்டலத்தில் உருளைக்கிழங்கின் முட்டைக்கூட்டு நூற்புழுவைக் கண்டறிந்தார். நம் மலைப்பயிர் வரலாற்றில் அது ஒரு திருப்புமுனை.

மூன்று வகை வாழ்க்கை

பயிரைத் தாக்கும் எல்லா நூற்புழுக்களின் வாயிலும் ஊசி போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதைக் குத்தித்தான் வேர்ச் செல்லின் சாற்றை உறிஞ்சுகின்றன. உறிஞ்சும் முறையில் மூன்று பிரிவுகளைக் காணலாம்.

முதல் பிரிவு வேருக்கு வெளியே மண்ணில் இருந்தபடியே ஊசியைச் செலுத்துவது. திராட்சையின் விசிறி இலை நச்சுயிரியைச் செடிக்குச் செடி கடத்தும் சிஃபினெமா இதைச் சேர்ந்தது. இரண்டாவது, வேருக்குள் நுழைந்து செல்களைத் தின்றபடி நகர்ந்துகொண்டே இருப்பது. வேர் அழுகல் நூற்புழுவும், வாழையையும் மிளகையும் சீரழிக்கும் துளைக்கும் நூற்புழுவும் இவ்வகை. இந்தோனேசியாவின் பாங்கா தீவில் இருபதே ஆண்டுகளில் 2 கோடியே 20 லட்சம் மிளகுக்கொடிகள் மஞ்சளாகி மடிந்ததற்குத் துளைக்கும் நூற்புழுதான் காரணம். மூன்றாவது, ஓரிடத்தில் தங்கிக் குடியிருப்பது. வேர்முடிச்சு நூற்புழுவும் முட்டைக்கூட்டு நூற்புழுவும் இப்பிரிவின் முதன்மையானவை. பயிருக்கும் புழுவுக்கும் இடையே மிக நுட்பமான ஊடாட்டம் நிகழ்வதும் இங்கேதான்.

பயிரை வசப்படுத்தும் விதம்

வேர்முடிச்சு நூற்புழுவின் இரண்டாம் பருவக் குஞ்சு அரை மில்லிமீட்டர் நீளம்கூட இராது. வேர் நுனிக்குச் சற்று மேலே நுழைகிறது. செல்களைக் கிழிக்காமல் அவற்றின் இடைவெளியில் ஊர்ந்து நுனிவரை இறங்கித் திரும்பி, நீரும் உணவும் ஓடும் நடுக்குழாய்ப் பகுதியை அடைகிறது. அங்கே ஐந்து முதல் ஏழு செல்களைத் தேர்ந்தெடுத்து ஊசி வழியே சுரப்புகளைச் செலுத்துகிறது. அந்தச் செல்களின் உட்கரு திரும்பத் திரும்பப் பிளவுபடுகிறது. செல் மட்டும் பிரிவதில்லை. நூற்றுக்கு மேற்பட்ட உட்கருக்களைக் கொண்ட இராட்சதச் செல்களாக அவை வீங்குகின்றன. சுற்றியுள்ள திசுவும் பெருக்கிறது. நம் கண்ணில் படும் முடிச்சு அதுவே.

முட்டைக்கூட்டு நூற்புழுவின் வழி வேறு. அது செல்களைக் குத்திக் கிழித்துக்கொண்டு நேராகப் போகிறது. தேர்ந்த ஒரு செல்லிலிருந்து தொடங்கி, அடுத்தடுத்த செல்களின் சுவர்களைக் கரைத்து, இருநூறு செல்கள் வரை இணைந்த ஒரே உணவுக்கூடமாக ஆக்கிக்கொள்கிறது. பெண்புழு இறந்தபின் அதன் உடலே பழுப்புநிற உறையாக இறுகி, உள்ளிருக்கும் சில நூறு முட்டைகளைக் காக்கிறது. உருளைக்கிழங்கைத் தாக்கும் இனத்தின் முட்டைகள், அக்கிழங்கு இல்லாத நிலத்திலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு கிடக்கும். கிழங்கின் வேர் கசியவிடும் வேதிப்பொருளின் வாடை எட்டியபின்தான் அவற்றில் பெரும்பாலானவை பொரிக்கின்றன.

நூற்புழு ஊசி வழியே செலுத்தும் சுரப்புகளில் என்ன இருக்கிறது என்பது கடந்த முப்பது ஆண்டுகளில் துலங்கியது. செல்சுவரைக் கரைக்கும் நொதிகளுக்கான மரபணுக்களை முட்டைக்கூட்டு நூற்புழுவின் உடலிலேயே 1998இல் கண்டனர். அவை பாக்டீரியாவின் மரபணுக்களை ஒத்திருந்தன. முன்னொரு காலத்தில் பாக்டீரியாவிடமிருந்து நூற்புழுவின் முன்னோருக்கு இம்மரபணுக்கள் தாவியிருக்க வேண்டும் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. பயிர் தன் செல்களின் வளர்ச்சியை நெறிப்படுத்தத் தானே சுரக்கும் சிறு புரதங்களைப் போன்ற போலிகளையும் நூற்புழு தயாரிக்கிறது. பயிரின் சொந்தக் கட்டளை அமைப்பே அதற்கு எதிராகத் திருப்பப்படுகிறது.

விளைவு வேரோடு நிற்பதில்லை. நீர்க்குழாய்கள் சிதைவதால் ஈர மண்ணிலும் செடி வாடுகிறது. இலை தயாரிக்கும் மாவுப்பொருள் காய்க்குப் போகாமல் முடிச்சுக்குப் போகிறது. ஒளிச்சேர்க்கை குறைகிறது; சத்துக்கள் மேலேறுவது தடைபடுகிறது. மேலே தெரியும் அறிகுறிகள் சத்துக்குறையையே ஒத்திருப்பதால் நோயறிதல் தவறிப் போகிறது. வெப்பமான மண்ணில் வேர்முடிச்சு நூற்புழுவின் ஒரு தலைமுறை ஏறத்தாழ ஒரு மாதத்தில் முடிந்துவிடும். ஒரு பெண்புழு சில நூறு முட்டைகள் இடும். முதன்மையான இனங்களில் ஆண் இல்லாமலே பெருக்கம் நிகழும். ஒரு பட்டத்துக்குள் சில புழுக்கள் பெரும்படையாவது இப்படித்தான்.

பயிரின் தற்காப்பு

பயிர் வாளாவிருப்பதில்லை. முதல் தடுப்பு, ஏற்கெனவே இருப்பில் உள்ள வேதிப்பொருள்களும் எதிரியின் வருகையை உணரும் பொதுவான விழிப்பும் ஆகும். நூற்புழுக்கள் தமக்குள் செய்தி பரிமாற வெளிவிடும் அஸ்கரோசைடு என்ற பொருள்களில் ஒன்றை மிகச் சிறிய அளவிலேயே தாவரங்கள் உணர்ந்து தற்காப்பைத் தூண்டிக்கொள்வதாக 2015இல் தெரியவந்தது. அவ்வாறு தூண்டப்பட்ட செடி பாக்டீரியா, பூஞ்சாணம், நச்சுயிரி ஆகியவற்றையும் கூடுதலாக எதிர்த்தது.

வாழையில் இதன் நேர்த்தியான எடுத்துக்காட்டு கிடைத்திருக்கிறது. யாங்காம்பி கேஎம்5 என்ற இரகம் துளைக்கும் நூற்புழுவை எதிர்ப்பது. புழு நுழைந்த இடத்தில் அதன் வேர் அனிகோரூஃபோன் என்ற நச்சுப்பொருளைக் குவிக்கிறது. அப்பொருள் புழுவின் உடலுக்குள் கொழுப்புத் துளிகளில் சேர்ந்து அதைக் கொல்வதை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. எளிதில் தாக்குண்ணும் கிராண்ட் நைன் இரகத்தின் வேரில் இத்தகைய குவிப்பு மிகக் குறைவு.

இரண்டாம் தடுப்பு, குறிப்பிட்ட மரபணுக்களால் வருவது. தக்காளியின் எம்ஐ மரபணு இதில் புகழ்பெற்றது. பெரு நாட்டுக் காட்டுத் தக்காளியிலிருந்து 1940களில் கருவளர்ப்பு முறையால் பயிர்த் தக்காளிக்கு இது மாற்றப்பட்டது. 1998இல் மரபணுவாகப் பிரித்தெடுக்கப்பட்டது. புழு ஊசியைச் செலுத்தியதும் அதன் தலையைச் சுற்றியுள்ள செல்கள் தம்மைத் தாமே கொன்றுகொள்கின்றன. உணவுக்கூடம் அமையாததால் குஞ்சு பட்டினியால் சாகிறது. இதே மரபணு ஓர் அசுவினி இனத்தையும் வெள்ளை ஈயையும்கூட எதிர்க்கிறது. ஆனால் மண்ணின் வெப்பம் 28 பாகை செல்சியசைத் தாண்டினால் இந்த எதிர்ப்பு தளர்ந்துவிடும். தமிழகச் சமவெளியின் கோடையில் இதை முழுமையாக நம்ப முடியாது என்பதை இங்கே விதை விற்போரும் வாங்குவோரும் மனத்தில் கொள்ள வேண்டும்.

உருளைக்கிழங்கின் எச்1 மரபணு வேறொரு வழியில் இயங்குகிறது. உணவுக்கூடம் உருவாகத் தொடங்குகிறது. சுற்றுச் செல்கள் இறந்து அதைத் தனிமைப்படுத்திவிடுகின்றன. போதிய உணவு கிட்டாத குஞ்சுகள் பெண்ணாக வளர முடியாமல் ஆணாகிவிடுகின்றன, முட்டை பெருகுவது நின்றுபோகிறது. சோயா மொச்சையில் இன்னொரு வகை. அதன் ஆர்எச்ஜி1 பகுதியில் மூன்று மரபணுக்கள் கொண்ட ஒரு துண்டு பத்து முறை அடுத்தடுத்துப் படியெடுக்கப்பட்டிருப்பதை 2012இல் கண்டனர். அளவு மீறிச் சேரும் ஒரு புரதம், புழு அமைத்த உணவுக்கூடத்தின் உள்போக்குவரத்தைக் குலைத்து அதை அழிக்கிறது.

எதிர்ப்பு வேறு, தாங்குதிறன் வேறு

இந்த வேறுபாட்டை உணராமல் இரகங்களைப் பற்றிப் பேசுவது ஆபத்தானது. எதிர்ப்பு என்பது புழுவின் பெருக்கத்தை வைத்து அளக்கப்படுவது: நடவின்போது மண்ணில் இருந்த புழுக்களும் முட்டைகளும் அறுவடையில் கூடினவா, குறைந்தனவா? தாங்குதிறன் என்பது பயிரின் விளைச்சலை வைத்து அளக்கப்படுவது: அத்தனை புழுக்கள் இருந்தும் மகசூல் எவ்வளவு நின்றது? எத்தனை புழுக்கள் வரை பயிர் இழப்பின்றித் தாங்கும் என்பதற்கு நெதர்லாந்தின் சைன்ஹார்ஸ்ட் 1965இல் தந்த கணக்கு முறை இன்றும் பயன்படுகிறது.

இரண்டும் ஒன்றாக வர வேண்டியதில்லை. எதிர்ப்புள்ள ஓர் இரகம் புழுவைப் பெருக விடாமல் தடுத்தும், முதல் நுழைவின் காயத்தாலேயே விளைச்சலை இழக்கலாம். தாங்குதிறன் மட்டும் உள்ள இரகம் நன்றாக விளைந்து, தன் வேரில் புழுவைப் பல மடங்கு பெருக்கி அடுத்த பயிருக்கு விட்டுச்செல்லலாம். அந்தப் பருவத்தின் வரவைப் பார்த்து அதைச் சிறந்த இரகம் என்போம்; அடுத்த பட்டத்தில் தவிப்போம். நம் விதைப் பைகளிலும் பரிந்துரை ஏடுகளிலும் இந்த இரண்டு பண்புகளும் தனித்தனியே குறிக்கப்பட வேண்டும்.

எதிர்ப்பு உடைந்த மூன்று வரலாறுகள்

முதலாவது பிரிட்டனில். தென் அமெரிக்காவின் ஆண்டிஜீனா வகைக் கிழங்கில் எல்லன்பி என்ற ஆய்வாளர் 1950களில் கண்ட எச்1 மரபணுவைக் கொண்டு உருவான மேரிஸ் பைப்பர் என்ற உருளைக்கிழங்கு இரகம் 1966இல் வெளிவந்தது. மஞ்சள் முட்டைக்கூட்டு நூற்புழு அதன் முன் அடங்கியது. அதன் உடன்பிறப்பான வெள்ளை முட்டைக்கூட்டு நூற்புழுவை எச்1 தடுப்பதில்லை. அன்று அது தனி இனம் என்றுகூட அறியப்படவில்லை. அந்த அறிவு 1970களில்தான் வந்தது. போட்டி நீங்கிய நிலத்தில் வெள்ளை இனம் பரவியது. நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து, வேல்ஸ் உருளை வயல்களில் நடந்த கணக்கெடுப்பில் 64 சதவீத வயல்களில் முட்டைக்கூட்டு நூற்புழு இருந்தது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கில் வெள்ளை இனம் மட்டுமே இருந்தது. ஒரே பூட்டை ஊர் முழுக்க மாட்டினால் அதைத் திறக்கத் தெரிந்தவன் ஊரையே ஆள்வான்.

இரண்டாவது அமெரிக்காவில். சோயாவின் முட்டைக்கூட்டு நூற்புழு 1954இல் வட கரோலினாவில் கண்டறியப்பட்டது. இன்று அந்நாட்டில் சோயாவுக்கு மிகப் பெரிய இழப்பைத் தருவது அதுவே. எதிர்ப்பு இரகங்களில் ஏறத்தாழ 95 சதவீதம் பி.ஐ. 88788 என்ற ஒரே மூலத்திலிருந்து வந்தவை. பல பத்தாண்டுகள் அதே எதிர்ப்பை மண்ணில் இட்டதன் பயனாக, அதை மீறிப் பெருகும் புழுக்கூட்டங்கள் நடுமேற்கு மாநிலங்களில் நிலைகொண்டுவிட்டன. எதிர்ப்பு இரகம் என்ற பெயரோடு வாங்கிய விதையில் விளைச்சல் சரிவதை அங்குள்ள உழவர்கள் இப்போது காண்கின்றனர்.

மூன்றாவது நம் வீட்டு வாசலில். மெலாய்டோகைன் என்டெரோலோபி என்ற வேர்முடிச்சு நூற்புழு 1983இல் சீனாவின் ஹைனான் தீவிலிருந்து விவரிக்கப்பட்டது. தக்காளியின் எம்ஐ மரபணுவை இது பொருட்படுத்துவதில்லை. பிரேசிலில் ஃபியூசேரியம் பூஞ்சாணத்தோடு சேர்ந்து கொய்யாத் தோட்டங்களை இது அழித்தது. தமிழகத்தில் கொய்யாவுக்குப் பேர்போன திண்டுக்கல் மாவட்டம் ஆயக்குடிப் பகுதியில் இது கண்டறியப்பட்டு, இந்தியாவின் முதல் பதிவாக 2016இல் வெளியானது. பதியன் கன்றின் மண்கட்டியிலேயே புழு பயணம் செய்கிறது. பிரேசிலில் காட்டுக் கொய்யா இனத்தோடு கலந்து உருவாக்கிய வேர்க்கன்றில் ஒட்டுக்கட்டும் வழி எடுபட்டிருக்கிறது. நமக்கும் அத்தகைய வேர்க்கன்று ஆய்வு அவசரத் தேவை.

நீலகிரி சொல்லும் பாடம்

நீலகிரியில் இரண்டு முட்டைக்கூட்டு நூற்புழு இனங்களும் கலந்தே இருக்கின்றன. ஒரு மரபணுவை மட்டும் நம்பியிருந்தால் பிரிட்டனின் கதையே இங்கும் நடந்திருக்கும். மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் உதகை முத்தோரை நிலையம், காட்டு இனமான சொலானம் வெர்னியின் வழிவந்த எதிர்ப்பைச் சேர்த்து, இரண்டு இனங்களையும் எதிர்க்கும் குஃப்ரி ஸ்வர்ணாவை 1985இல் தந்தது. பின்னர் குஃப்ரி நீலிமா, குஃப்ரி சஹ்யாத்ரி ஆகியவையும் வந்தன. எனினும் சந்தைக்கு ஏற்றதென உழவர் விரும்பிய குஃப்ரி ஜோதியை இவை எளிதில் இடம்பெயர்க்கவில்லை. கிழங்கின் வடிவமும் சமைக்கும் தன்மையும் வணிகர் தரும் விலையும்தான் இரகத்தின் விதியை நிர்ணயிக்கின்றன.

இரகத்துக்குத் துணையாக நின்றது பயிர் சுழற்சி. இப்புழுக்கள் உருளைக்கிழங்குக் குடும்பச் செடிகளையே அண்டிப் பிழைப்பவை. கேரட், முட்டைக்கோசு, முள்ளங்கி, பூண்டு, பீன்ஸ் என்று மாற்றிப் பயிரிட்டால் மண்ணில் முட்டை எண்ணிக்கை படிப்படியாகச் சரிகிறது. இதே பாடத்தை ராஜஸ்தானின் மோல்யா நோயும் சொல்கிறது. கோதுமை, வாற்கோதுமை வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழுவை, எதிர்ப்பு இரகங்களோடு கடுகையும் கொண்டைக்கடலையையும் சுழற்சியில் சேர்த்தே அங்குள்ளோர் கட்டுக்குள் வைத்தனர். புழு பரவாமல் தடுக்கும் கட்டுப்பாடும் தேவை. 2018இல் இமாசலப் பிரதேசம், உத்தரகாண்ட், ஜம்மு காஷ்மீர் பகுதிகளிலும் உருளையின் இப்புழு உறுதியானதையடுத்து விதைக்கிழங்குப் போக்குவரத்துக்கு மத்திய அரசு தடை விதித்தது. விதைக்கிழங்கு உற்பத்தியாகும் இமயமலைச் சரிவுக்கே புழு எட்டிவிட்டது என்பதை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது.

நெல்லும் வாழையும்

நெல்லின் வேர்முடிச்சு நூற்புழு, வேர்நுனியைக் கொக்கிபோல் வளைத்து வீங்கச் செய்வது. தேங்கிய நீரில் அது புதிய வேருக்குள் நுழைய முடியாது. நாற்று நட்டு நீர் தேக்கும் முறையே காலங்காலமாக நெல்லுக்கு அரணாக இருந்தது. நீர்ப் பற்றாக்குறையால் நேரடி விதைப்புக்கும் காய்ச்சலும் பாய்ச்சலுமான பாசனத்துக்கும் மாறும்போது அந்த அரண் விலகுகிறது. நீரைச் சேமிக்கும் இம்முறைகளைக் கைவிட முடியாது, கைவிடவும் கூடாது. ஆனால் மாறும்போதே மண்ணைச் சோதித்து, நாற்றங்காலைத் தூய்மையாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆப்பிரிக்க நெல் இனத்தில் வலுவான எதிர்ப்பு இருப்பது தெரிந்திருக்கிறது. அதை ஆசிய நெல்லுக்குக் கொண்டுவருவதில் ஆய்வாளர்கள் முனைந்துள்ளனர்.

வாழையில் எதிர்ப்பு இரகங்கள் உண்டு. மக்கள் விரும்பும் பூவன், நேந்திரன், ரஸ்தாளி போன்றவற்றில் அந்தப் பண்பைச் சேர்ப்பது கடினம். ஆகவே இங்கே கன்றின் தூய்மைதான் முதல் காப்பு. கிழங்கின் கறுத்த பகுதியைச் சீவி எறிவது, சீவிய கிழங்கை 55 பாகை வெந்நீரில் இருபது நிமிடம் மூழ்க வைப்பது, திசு வளர்ப்புக் கன்றை நடுவது ஆகியவை நம் உழவர் அறிந்தவையே. துளைக்கும் நூற்புழு வேரைத் தின்றுவிட்ட வாழை, தார் பெருத்த நேரத்தில் சிறு காற்றுக்கும் வேரோடு சாய்கிறது. ஓராண்டு உழைப்பு ஒரு நாளில் மண்ணில் விழுவதைத் தடுக்கும் இந்த எளிய வேலைகளைக் கூலிச் செலவு கருதித் தவிர்ப்பது பெரிய நட்டத்தில் முடியும்.

இன்னொன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். நூற்புழு தனியாக வருவது அரிது. வேர்முடிச்சு இருந்த பருத்தியில் ஃபியூசேரியம் வாடல் கடுமையாவதை அமெரிக்காவின் அலபாமாவில் அட்கின்சன் 1892இலேயே எழுதினார். வாடல் நோய்க்கு எதிர்ப்புள்ள இரகமும் நூற்புழு நுழைந்தபின் அந்த எதிர்ப்பை இழக்கக்கூடும். வாடலுக்கு மருந்து ஊற்றுமுன் வேரைப் பார்க்க வேண்டும்.

மருந்துகளின் எல்லை

எதிர்ப்பைத் தேடி அலைவானேன், மருந்திட்டால் போகாதா என்ற கேள்விக்கு வரலாறு கசப்பான விடை வைத்திருக்கிறது. டிபிசிபி என்ற மண்புகை மருந்து 1950களிலிருந்து வாழை, அன்னாசித் தோட்டங்களில் தாராளமாகப் பயன்பட்டது. 1977இல் கலிஃபோர்னியாவில் அதைத் தயாரித்த ஆலைத் தொழிலாளர்கள் மலடானது வெளிச்சத்துக்கு வந்தது. 1979இல் அமெரிக்கப் பெருநிலத்தில் அது தடைசெய்யப்பட்டது. அதற்குள் கோஸ்டா ரிகா உள்ளிட்ட நாடுகளின் வாழைத் தோட்டத் தொழிலாளர் ஆயிரக்கணக்கானோர் அதே கதிக்கு ஆளாகியிருந்தனர். மீத்தைல் புரோமைடு ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மான்ட்ரியல் உடன்படிக்கையின்கீழ் விலக்கப்பட்டது. ஃபுளூயோபைரம் போன்ற புதிய மருந்துகள் பழையவற்றைவிட நச்சு குறைந்தவை. பசுமைக்குடில்களிலும் நாற்றங்கால்களிலும் அவற்றுக்கு இடமுண்டு. ஏக்கர் கணக்கான வயலில், ஆண்டுதோறும், சிறு உழவர் அவற்றையே நம்பியிருப்பது கட்டுப்படியாகாது.

மண்ணின் துணை

பிரிட்டனில் தானியத்தை இடைவிடாது பயிரிட்ட நிலங்களில் அதன் முட்டைக்கூட்டு நூற்புழு பெருகுவதற்குப் பதில் குறைந்தது வியப்பளித்தது. பெண்புழுவையும் முட்டையையும் தின்னும் பூஞ்சாணங்கள் அந்த மண்ணில் தாமாகவே பெருகியிருந்ததை ராதம்ஸ்டெட்டில் பிரையன் கெர்ரியும் உடன் ஆய்வாளர்களும் கண்டனர். மண்ணுக்கே எதிர்ப்பு உண்டு என்பதற்கு அது வலுவான சான்று. இன்று நம் ஊரிலும் கிடைக்கும் பர்பியூரியோசிலியம், பொக்கோனியா, சூடோமோனாஸ் போன்ற உயிரிகள் அந்த வழியில் வந்தவை. அவற்றை மட்டும் தூவினால் பயன் சிறிது. மக்கிய தொழுவுரத்தோடும் வேப்பம் பிண்ணாக்கோடும் கலந்து இட்டால் பயன் கூடும்.

செண்டுமல்லியின் வேர் சுரக்கும் நச்சு பல நூற்புழுக்களைக் குறைக்கிறது. சணப்பை வேரில் வேர்முடிச்சுப் புழு பெருகுவதில்லை. கோடையில் ஈர மண்ணின்மேல் பாலித்தீன் விரித்து வெயிலால் சூடேற்றும் முறையை இஸ்ரேலின் கட்டானும் உடன் ஆய்வாளர்களும் 1976இல் அறிமுகப்படுத்தினர். சித்திரை வெயில் காயும் நம் நாட்டில் நாற்றங்காலுக்கு இதைவிட மலிவான சிகிச்சை இல்லை. கத்தரியைச் சுண்டைச்செடியின் வேரில் ஒட்டுக்கட்டும் முறையும் பரவிவருகிறது. வேர்முடிச்சுப் புழுவின் முதன்மை இனத்தையும் பாக்டீரியா வாடலையும் சுண்டை வேர் எதிர்த்து நிற்கிறது.

ஆய்வகத்திலிருந்து வருபவை

புழுவின் சுரப்புப் புரதம் ஒன்றுக்கான செய்தியைச் செடியே துண்டித்துவிடும்படி அமைத்தபோது, நான்கு முதன்மை வேர்முடிச்சு இனங்களையும் எதிர்க்கும் சோதனைச் செடி 2006இல் உருவானது. புழுவின் செரிமானத்தைத் தடுக்கும் மரபணுவும் அதன் உணர்வைக் குழப்பும் மரபணுவும் சேர்த்த வாழை உகாண்டா வயலில் நன்கு எதிர்த்து நின்றதாக 2015இல் அறிக்கை வந்தது. இவை வரவேற்கத்தக்க முயற்சிகள். ஆனால் எச்1 கற்பித்ததை மறக்கலாகாது. புதிய எதிர்ப்பு எந்த நுட்பத்தால் வந்தாலும், அதை ஒற்றையாகப் பரப்பினால் புழு அதையும் மீறும் வழியைத் தேடிக்கொள்ளும். இரண்டு மூன்று வழிகளில் இயங்கும் எதிர்ப்புகளைச் சேர்த்தும், மாற்றி மாற்றியும் பயிரிடுவதே அவற்றின் ஆயுளை நீட்டும்.

முடிவுரை

நூற்புழுவை வயலிலிருந்து முற்றாக ஒழிக்க முடியாது. அதன் எண்ணிக்கையைப் பயிர் தாங்கும் எல்லைக்குக் கீழே வைத்திருக்க முடியும். அதற்குத் தேவையானவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது: எதிர்ப்பு இரகங்கள், சுழற்சிப் பயிர்கள், தூய கன்றுகள், உயிருள்ள மண். எந்த வயலில் எந்த இனம் எத்தனை இருக்கிறது என்ற அறிவுதான் இல்லை. அது தெரியாமல் எதிர்ப்பு இரகத்தைப் பரிந்துரைப்பது இருட்டில் அம்பெய்வதாகும்.

ஆகவே அரசுக்கு வேண்டுகோள் இரண்டு. மண்வள அட்டைக்கு மண் எடுக்கும்போதே நூற்புழுச் சோதனையையும் சேர்க்க வேண்டும். கொய்யா, மாதுளை, மிளகு, வாழைக் கன்றுகளை விற்கும் நாற்றுப்பண்ணைகளுக்கு நூற்புழு இல்லாச் சான்றைக் கட்டாயமாக்க வேண்டும். இரகங்களை வெளியிடும் ஆய்வு நிலையங்கள் எதிர்ப்பையும் தாங்குதிறனையும் தனித்தனியே அறிவிக்க வேண்டும். எந்த இனத்துக்கு, எந்த வெப்பம் வரை என்றும் சொல்ல வேண்டும். உழவர்களுக்கும் வேண்டுகோள் உண்டு. ஒரே எதிர்ப்பு இரகத்தை ஆண்டுக்கு ஆண்டு அதே வயலில் நடாதீர்கள். ஒவ்வொரு அறுவடையின் முடிவிலும் வயலின் நான்கைந்து இடங்களில் செடியை மண்ணோடு பெயர்த்து, வேரை நீரில் அலசிப் பாருங்கள். முடிச்சோ கறுத்த புண்ணோ தெரிந்தால் அந்த வேரையும் ஒரு கைப்பிடி மண்ணையும் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்த பிறகே அடுத்த பயிரை முடிவு செய்யுங்கள்.